மலைச்சரிவும் மட்கும் குப்பையும்

நுழையும்முன்

வீட்டில் நாள்தோறும் சேரும் காய்கறித் தோலும் எஞ்சிய உணவும் குப்பையா, எருவா? அவை சென்று சேரும் இடமும் நாம் அவற்றைக் கையாளும் முறையுமே இவ்வினாவிற்கு விடையாகின்றன. போடிநாயக்கனூரையும் அதன் மேலுள்ள ஏலமலைச் சரிவையும் சான்றாகக் கொண்டு, வீட்டுக்கழிவை உரமாக்குவதன் நன்மைகளையும் இடர்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காடு காட்டும் வழி

கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, போடிநாயக்கனூரைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பின், கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கும் மேலுள்ள போடிமெட்டை அடைகிறது. அடிவாரத்தில் மாவும் இலவமும் செழிக்கின்றன. மேலே ஏலமும் காப்பியும் மிளகும் விளைகின்றன. ஏலத்தோட்டத்திற்குள் நுழைவோர் நிழல்மரங்களையும் அவற்றின் அடியில் மெத்தையெனப் படிந்துள்ள சருகையும் காண்பர். மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே வேர்விடும் ஏலச்செடிக்கு அச்சருகே போர்வை. மட்கியபின் அதுவே உணவு. உதிர்ந்தவை அனைத்தும் உரமாவதால், காட்டில் குப்பை என்று ஒன்று இல்லை.

எருவின் அருமையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருக்குறளின் உழவு அதிகாரம், ஏர் உழுவதைக் காட்டிலும் எரு இடுவதை உயர்த்திக் கூறுகிறது. அண்மைக் காலத்தில், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர், இந்திய உழவரிடம் கற்றவற்றையும் தம் ஆய்வையும் இணைத்து ‘இந்தூர் முறை’ எனும் உரமாக்கும் முறையை வகுத்தார்.

குப்பை உரமாகும் வகை

மட்குதல் என்பது நுண்ணுயிரிகளின் உழைப்பு. அவற்றிற்கு உணவு, காற்று, ஈரம் ஆகிய மூன்றும் அளவோடு வேண்டும். உணவில் கார்பன் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் ஒரு பங்கும் இருத்தல் நலம். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. சருகிலும் தென்னைநார்க் கழிவிலும் கார்பன் மிகுதி. ஆகவேதான் ஈரக்கழிவு ஓர் அடுக்கு, சருகு ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி இடுகின்றனர். பிழிந்த துணியைப் போன்ற ஈரமே போதுமானது.

நுண்ணுயிரிகள் பெருகும்போது குவியலின் உட்பகுதி வெப்பமடைகிறது. பெரிய குவியலில் அவ்வெப்பம் 55 செல்சியசைக் கடந்து சில நாள்கள் நீடித்தால், நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும். குவியலைக் கிளறிவிட்டால் காற்று உட்புகும். இரண்டு மூன்று திங்களில் எடை பாதிக்கும் கீழாகக் குறைந்து, கரும்பழுப்பு நிறமும் மண்வாசனையும் கொண்ட உரம் கிடைக்கும்.

நன்மைகள்

நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கும் தன்மையது. அதனை வீட்டிலேயே பிரித்துவிட்டால், கிடங்கிற்குச் செல்லும் சுமை பெரிதும் குறையும். காற்றுப் புகாத கிடங்கில் அழுகும் உணவு மீத்தேனை வெளியிடுகிறது. அவ்வளிமம் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியை வெப்பப்படுத்த வல்லது.

மண்ணுக்குக் கிட்டும் நன்மை இன்னும் பெரிது. மட்கிய உரம் மணற்பாங்கான மண்ணில் நீரைப் பிடித்து வைக்கிறது, களிமண்ணை இளக்குகிறது. மலைச்சரிவில் மண்துகள்களைப் பிணைத்து அரிப்பைக் குறைக்கிறது. ஏலச்செடியின் அழுகல் நோயைக் கட்டுப்படுத்தும் டிரைக்கோடெர்மா எனும் பூஞ்சையை மட்கிய உரத்தில் கலந்து இடுவதும் வழக்கில் உள்ளது.

இடர்கள்

நன்மையை மட்டும் கூறி நிறுத்துவது முழு உண்மை ஆகாது. முதலாவதாக, உரத்தின் சத்து அளவிற் குறைந்தது. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. நன்கு மட்கிய உரத்திலோ பொதுவாக ஒன்று அல்லது இரண்டு பங்கே. எனவே வீட்டு உரம் ஒரு தோட்டத்தின் தேவை முழுவதையும் ஈடுசெய்யாது.

இரண்டாவதாக, முறை தவறினால் எருக்குழியே கிடங்காகிவிடும். ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்தால் நாற்றம் எழும். ஈயும் எலியும் பெருகும். தவிர்க்க எண்ணிய மீத்தேனும் வெளிப்படும். முற்றாத உரத்தை இட்டால், அது மட்குவதற்காக மண்ணிலுள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். சிறு தொட்டிகளில் போதிய வெப்பம் எழாமையால் நோயுற்ற செடிகளை அவற்றில் இடலாகாது.

மூன்றாவதாக, பிரிக்கும் உழைப்பு யாருடையது என்னும் வினா எழுகிறது. வீட்டில் ஒருவர் சோம்பிக் கலந்து போட்ட கண்ணாடிச் சில்லும் ஊசியும், மற்றொருவரின் கையைக் கிழிக்கின்றன. அக்கை பெரும்பாலும் தூய்மைப் பணியாளருடையது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை மட்குவன, மட்காதன, தீங்கு தருவன என மூன்றாகப் பிரித்தளிக்கும் கடமையை வீட்டாரிடமே ஒப்படைத்தன.

மேடும் பள்ளமும்

ஒரே முறை எல்லா இடத்திற்கும் பொருந்தாது. போடிநாயக்கனூரின் வெயிலில் குவியல் விரைந்து உலரும். நிழலும் நீர்த்தெளிப்பும் வேண்டும். போடிமெட்டின் குளிரில் நுண்ணுயிரிகள் மெல்லவே இயங்கும். மழையோ குவியலை நனைத்து, சத்தைக் கரைத்துச் செல்லும். ஆகவே அங்குக் கூரையும் மேடான தளமும் கூடுதல் சருகும் தேவை. திறந்த குழியில் இட்ட உணவுக்கழிவு காட்டுப்பன்றியையும் குரங்கையும் குடியிருப்பிற்கு அழைக்கும். மூடியுள்ள தொட்டியே அங்கு ஏற்றது.

போடிமலையில் தோன்றும் கொட்டகுடி ஆறு, போடிநாயக்கனூரைக் கடந்து வைகையில் கலக்கிறது. வைகை அணையின் நீரோ மதுரை வரை குடிநீராகிறது. சரிவில் கொட்டிய குப்பையின் கசிவுநீரும் அதே வழியில் இறங்கும். மேலே வாழ்வோர் காட்டும் அக்கறை, அவர்கள் ஒருபோதும் காணாத ஒரு வீட்டின் குவளையைக் காக்கிறது.

நாம் செய்யத்தக்கன

மூடியுள்ள இரு தொட்டிகள் போதும். ஒன்று நிரம்பி மட்கும்வரை மற்றொன்றைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் ஈரக்கழிவின் மேல் சருகைத் தூவுக. இறைச்சியும் எண்ணெயும் தவிர்க்க. உரம் முற்றியதா என அறிய, அதில் சிறிது எடுத்து மண்ணுடன் கலந்து வெந்தயம் விதைத்துப் பார்க்கலாம். செழித்து முளைத்தால் அது பயிருக்கு ஏற்றது.

எனினும், உரமாக்குதல் இரண்டாம் கடமையே. முதற்கடமை, உணவை வீணாக்காமை. தட்டில் மிஞ்சிய சோற்றை உரமாக்கினால், அதனை விளைவித்த நீரிலும் உழைப்பிலும் மிகச் சிறு பகுதியே மண்ணுக்குத் திரும்பும். மிஞ்சாமல் உண்பதும், தவிர்க்க இயலாத தோலையும் காம்பையும் மண்ணுக்கே மீட்டளிப்பதும் இணைந்து நிகழும்போது, காடு நெடுங்காலமாகச் செய்துவருவதை நம் வீடும் செய்யத் தொடங்கும்.