‘ஆச்சு’ன்னு சொன்னா ஆகியிருக்கணும்! - இணையப் பெட்டிகளுக்கு ஒரு முத்திரைப் பரீட்சை

காரவள்ளியில் மலையேறத் தொடங்கினால் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்குச் சுற்றுலா வருபவர்களுக்கு அது வீடியோ எடுத்துப் போட ஒரு எண்ணிக்கை. கீழே நாமக்கல்லிலிருந்து பழுதுபார்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற டெக்னீஷியனுக்கோ, அந்த நாளே அதோடு போச்சு.

மலைமேல் 14 ஊராட்சிகள். எல்லாப் பெயர்களும் ‘நாடு’ என்றுதான் முடியும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு... அந்த வரிசையில் ஒன்று தேவனூர் நாடு. மிளகு, காபி, பலா, சாமை என்று வாழும் மலைவாழ் மக்களின் ஊர். ஆனால் இன்றைக்கு அங்கே ரேஷன் அரிசி வாங்க விரல்ரேகை வைத்தாலும், பிள்ளையின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தாலும், விற்ற மிளகுக்குப் பணம் போனில் வந்தாலும், எல்லாமே மலையிறங்கிப் போய் எங்கோ ஒரு கணினியைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பி வர வேண்டும். கேள்வி போகவில்லை என்றால் அரிசியும் இல்லை.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளில் இணைப்பதுதான் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தின் வேலை. கொல்லிமலையின் 14 நாடுகளும் அந்தக் கணக்கில் அடக்கம். கேபிளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கேபிளின் இரண்டு முனையிலும் உட்கார்ந்திருக்கும் பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வந்த தகவல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். ஸ்விட்ச், ரவுட்டர் என்று வகைக்கேற்ப பெயர் மாறும்.

தபால் பிரிப்பவரும் தலைமை அலுவலகமும்

ஸ்விட்ச் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவரை நினைத்துக்கொள்ளலாம். பின்கோடைப் பார்க்கிறார், அதற்குரிய பையில் போடுகிறார். பழைய முறையில் எந்தக் கடிதம் எந்தப் பைக்கு என்பதை ஒவ்வொரு பெட்டியும் தானே முடிவு செய்யும். அதற்கான மென்பொருளைத் தயாரித்த நிறுவனமே உள்ளே பூட்டி வைத்திருக்கும்.

2008-ல் இதை மாற்றச் சொல்லி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. பெயர் ‘ஓப்பன்ஃப்ளோ’. ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோன் உட்பட அதை எழுதிய எட்டுப் பேரில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி-யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணன். அவர்கள் சொன்னது இதுதான்: யோசிக்கிற வேலையை ‘கன்ட்ரோலர்’ என்ற தனிக் கணினிக்குக் கொடுத்துவிடலாம். ‘637411 என்றால் கொல்லிமலைப் பை’ என்பதுபோல அது விதிகளை எழுதி அனுப்பும். ஸ்விட்ச், சொன்னதைச் செய்தால் போதும்.

மலைக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். விதியை மாற்ற யாரும் 70 வளைவு ஏற வேண்டாம். கீழே உட்கார்ந்து அனுப்பினால் போதும்.

ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. கீழே இருப்பவருக்கு மேலே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பெட்டி ‘ஆச்சு’ என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

தராசுக்கு உண்டு, ஸ்விட்சுக்கு?

சந்தையில் மிளகு எடை போடும் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். வியாபாரி நல்லவரா, கெட்டவரா என்று துறை ஆராய்வதில்லை. ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் ஒரு கிலோ காட்டுகிறதா என்று மட்டும் பார்க்கும். ஸ்விட்சுக்கும் இதே பரீட்சைதான். ‘ஓப்பன்ஃப்ளோ பேசும்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்றால், எழுதி வைத்த விதிமுறைப்படி அது நடக்கிறதா என்று வெளியார் ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும். துறை மொழியில் இதற்குப் பெயர் ‘கன்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்’. ஒத்திசைவுச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் 2011-ல் சேர்ந்து தொடங்கிய ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷன், 2013-ல் இந்தச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆரம்பித்த சோதனை, பிறகு பெங்களூருவின் கிரைட்டீரியான் நெட்வொர்க் லேப்ஸ் வரை வந்தது.

சோதனை நடக்கும் விதம் சுவாரஸ்யமானது. ஒரு கணினி இரட்டை வேடம் போடும். ஒரு கேபிளில் அதுதான் தலைமை அலுவலகம். மற்ற கேபிள்களில் அதுவே கடிதம் போடுபவரும், வாங்குபவரும். முதலில் ‘இப்படிப்பட்ட தகவல் வந்தால் மூன்றாவது வாசல் வழியாக அனுப்பு’ என்று விதி அனுப்பும். அடுத்த நொடியே அதே மாதிரி ஒரு தகவலை முதல் வாசலில் திணிக்கும். மூன்றாவது வாசலில் வந்ததா என்று பார்க்கும். இரண்டிலும் நான்கிலும் எதுவும் வரவில்லைதானே என்றும் பார்க்கும். பலரும் மறப்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். உங்கள் கடிதம் உங்களுக்கும் வந்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு நகல் போனால் அது சரியான பட்டுவாடா ஆகாது அல்லவா?

இதையெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து செய்ய முடியாதா? ஓப்பன்ஃப்ளோவின் 1.0 பதிப்பு 2009 டிசம்பரில் வந்தது. அதில் ஒரு தகவலின் 12 அம்சங்களை வைத்து விதி எழுதலாம். ஒவ்வொரு அம்சத்தையும் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம் என்றால் மட்டும் 4,096 கூட்டுகள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்த்தாலும் 42 நாட்களைத் தாண்டும். அர்த்தமில்லாத கூட்டுகளைக் கழிக்கலாமே என்று தோன்றும். அர்த்தமில்லாத விதியைக் கொடுத்தால் ஒழுங்காக மறுக்கிறதா என்பதும் பரீட்சையில் உண்டு! போதாக்குறைக்கு, ஸ்விட்சின் மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் பைத்தான் மொழியில் ‘ஓஎஃப்டெஸ்ட்’ போன்ற தானியங்கிச் சோதனை நிரல்களை எழுதினார்கள். ராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையில் மார்க் ஷீட் தயார்.

பொய் சொல்லும் பெட்டிகள்

மார்க் ஷீட்டில் என்னென்ன வந்தன என்பதுதான் விஷயமே. ‘இதுவரை சொன்னதை முடித்தாயிற்றா?’ என்று கேட்க ஓப்பன்ஃப்ளோவில் ‘பேரியர்’ என்று ஒரு செய்தி உண்டு. முடித்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் ஸ்விட்சுகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சில பெட்டிகள் உள்ளே விதியைப் பதிப்பதற்கு முன்பே ‘முடிந்தது’ என்று பதில் அனுப்பியது தெரியவந்தது. வீட்டுப்பாடம் எழுதாமலே ‘எழுதிட்டேன் டீச்சர்’ என்று கைதூக்கும் பையன் மாதிரி. அந்த இடைவெளியில் வரும் தகவலின் கதி? பழைய பாதையில் போகும், அல்லது தொலையும்.

இன்னொரு பிரச்னை, முன்னுரிமை. ‘637-ல் தொடங்குவதெல்லாம் இந்தப் பை’ என்று ஒரு விதி. ‘637411 மட்டும் கொல்லிமலைப் பை’ என்று அதைவிட முக்கியமான இன்னொரு விதி. இரண்டும் பொருந்தினால் முக்கியமானதுதான் ஜெயிக்க வேண்டும். கடைசியாக வந்த விதி எதுவோ அதுவே பெரிது என்று நடந்துகொண்ட ஸ்விட்சும் ஆய்வில் சிக்கியது. கீழே பார்த்தால் எல்லா விதியும் ஒழுங்காகப் பதிந்திருப்பதாகவே தெரியும். மேலே கொல்லிமலைக் கடிதங்கள் வேறு பையில் போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது, இடப் பற்றாக்குறை. விதிகளை மின்னல் வேகத்தில் தேடும் சிறப்பு நினைவகம் விலை அதிகம், அளவு குறைவு. நிரம்பியதும் ‘இடமில்லை’ என்று ஸ்விட்ச் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நிரம்பும் வரை திணித்துப் பார்ப்பதும் சோதனையில் ஒரு பகுதி.

ஓப்பன்ஃப்ளோவின் மவுசு இன்று குறைந்துவிட்டது. ஸ்விட்ச் எப்படி நடக்க வேண்டும் என்பதையே ‘பி4’ என்ற மொழியில் நிரலாக எழுதும் முறை வந்திருக்கிறது. பரீட்சையும் அதற்கேற்ப மாறியது. கூகுள் 2022-ல் வெளியிட்ட ‘ஸ்விட்ச்-வி’ என்ற அமைப்புக்கு யாரும் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டாம். அந்த நிரலைப் படித்து, எடக்குமடக்கான கேள்விகளைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அப்படி அது பிடித்த பிழைகள் 150-க்கும் மேல். சில பிழைகள் ஸ்விட்சில் இல்லை, எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்த நிரலிலேயே இருந்தன. கேள்வித்தாளிலேயே தப்பு என்பது நமக்கும் புதிதல்லவே!

நம் ஊரில்?

இந்தியாவில் 2017-ல் வந்த விதித் திருத்தத்தின்படி, தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதித்துச் சான்று வாங்குவது கட்டாயம். மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் இதை நடத்துகிறது. ரவுட்டரும் லேன் ஸ்விட்சும் பட்டியலில் உண்டு. மின் பாதுகாப்பு, பிற கருவிகளுக்கு இடைஞ்சல் தராமை போன்றவை இதில் அடிப்படை. விதிக்கு விதி கீழ்ப்படிகிறதா என்ற நுணுக்கமான சோதனை வேறு. அதை டெண்டரில் கேட்டு வாங்குவது, வாங்குபவரின் கையில்தான் இருக்கிறது.

கிராமங்களுக்கு வரும் இணைப்பு இன்று எம்.பி.எல்.எஸ் என்ற வேறு முறையில் அமைகிறது. ஆனாலும், கீழிருந்து கட்டளை, மேலே கீழ்ப்படியும் பெட்டி என்ற உறவு அங்கேயும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஊராட்சிகளை வளையமாக இணைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் கேபிள் அறுந்தால் தகவல் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு போகும். மழையில் மண் சரியும் மலைக்கு இது அவசியம்.

ஆனால் அந்த மாற்றுப் பாதைக்கான விதி, கேபிள் அறும் நாள் வரை சும்மாவே கிடக்கும். சரியாக எழுதப்பட்டதா, பெட்டி அதைப் படித்ததா என்பது அன்றைக்குத்தான் தெரியும். சோதனைக்கூடத்தில் அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை. தகவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டிக்கிறார்கள். மறுபக்கம் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆனது என்று நிரல் குறித்துக்கொள்கிறது. இந்தத் துறையில் வழக்கமான இலக்கு 50. பிறகு இணைப்பைக் கொடுத்து, மறுபடி துண்டிக்கிறார்கள்.