பழைய புல்டோசர் வாங்கலாமா?

நெரவி போன்ற காவிரிக் கடைமடையில் மேட்டு வயலைச் சமன் செய்ய, நாலைந்து சிறு விவசாயிகள் கூட்டாகப் பழைய புல்டோசர் வாங்க நினைப்பதுண்டு. விலை மலிவுதான். ஆனால் ஆண்டில் அதற்கு எத்தனை நாள் வேலை? நெல் தரிசில் உளுந்து, பயறு எடுத்தபின், மேட்டூர் நீர் வந்து சேரும்வரைதான். வழக்கப்படி அணை திறப்பது ஜூன் 12. ஈரக் களியில் இறக்கினால் மண் இறுகி வேர் இறங்காது. மற்ற மாதங்களில் இயந்திரம் உப்புக் காற்றில் துருப்பிடித்து நிற்கும்.

பணத்தை விழுங்குவது எஞ்சினைவிட அடிப்பாகமே. செயின், ரோலர், பல்சக்கரம் ஆகியவற்றுக்கே பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதி போய்விடும். புதுப் பெயிண்டைப் பார்த்து ஏமாறக்கூடாது.

இரண்டு, மூன்று ஏக்கர்காரருக்கு நல்ல நிலையிலுள்ள புதிய இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே மேல். சிறு மேடென்றால் டிராக்டரில் பூட்டிய சமன் பலகையே போதும். வாடகை இயந்திரம் பற்றி உழவர் உதவியகத்தில் முதலில் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்தால் கொண்டுவரும் செலவு பங்காகும். டீசல் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசி, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மணி மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேல்மண்ணை முதலில் ஓரமாக ஒதுக்கி, சமன் செய்தபின் பரப்பச் சொல்ல வேண்டும். இல்லையேல் சத்தற்ற அடிமண் மேலே வந்து, அவ்விடத்தில் பயிர் மஞ்சளித்து நிற்கும்.