தூசு வேலை பார்ப்போருக்கு என்னென்ன சோதனைகள்?



குஜிலியம்பாறை, வேடசந்தூர் வட்டாரத்தில் நம்மவர்கள் பலரும் நூற்பாலை, கல்குவாரி, கிரஷர் வேலைகளுக்குப் போகிறார்கள். அத்தாவுக்கு மாதக்கணக்கில் இருமல் என்றால் "பீடிதான் காரணம்" என்று விட்டுவிடுகிறோம். சிலநேரம் காரணம் வேலையிடத்துத் தூசாக இருக்கும்.

கல் உடைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்குகின்றன. இது சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்த பிறகே வெளியே தெரியும். பஞ்சுத் தூசால் வருவது பிசினோசிஸ். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது இதன் அடையாளம்.

சோதனைகள் மூன்று.

முதலாவது, மார்பு எக்ஸ்ரே. சிலிக்கோசிஸ் இருந்தால் நுரையீரலின் மேல்பகுதியில் சிறு புள்ளிகள் தெரியும். பிசினோசிஸில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். அதை மட்டும் நம்பி "ஒன்றுமில்லை" என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது, ஸ்பைரோமெட்ரி. மூச்சை நன்றாக இழுத்து, ஒரு குழாயில் முழு வேகத்தில் ஊத வேண்டும். வலி இல்லை. பஞ்சாலைக்காரர்களுக்கு விடுமுறை முடிந்த முதல் நாளில், வேலைக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, சளிப் பரிசோதனை. சிலிக்கோசிஸ் உள்ளவரை டி.பி. எளிதில் பிடிக்கும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். அரசு மருத்துவமனைகளில் டி.பி.க்கான சளிப் பரிசோதனை இலவசம்.

டாக்டர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். எந்த வருடம் முதல், எந்தப் பிரிவில் வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அது தெரியாமல் நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பது சிரமம். இரண்டுமே சட்டம் ஏற்ற தொழில் நோய்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இழப்பீடு கோரவும் வழி உண்டு. அதற்கு எக்ஸ்ரே, சீட்டு, சம்பள ரசீது எதையும் தொலைக்காதீர்கள்.

சிலிக்கோசிஸ் தழும்பை மருந்தால் அழிக்க முடியாது. ஆனால் சீக்கிரம் கண்டு தூசிலிருந்து விலகினால், பீடியையும் விட்டால், மேலும் மோசமாவதைக் குறைக்கலாம். முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூசைத் தடுக்காது.

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு மாறானதல்ல. வீட்டில் இருமுபவரை இந்த வாரமே அழைத்துப் போங்கள். அல்லாஹ் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.