மருதோன்றி வைப்பதற்கு முன்

மருதோன்றி அரைப்பதிற் காட்டும் அக்கறையை நகத்தைப் பேணுவதில் நம் பெண்கள் காட்டுவதில்லை. களுதாவளை மணல் நிலத்தில் வெங்காயம் நட்டு, வெற்றிலை கொய்து மண்ணும் கறையும் ஏறிய விரல்களுக்கு இப்பேணல் மிகவும் வேண்டும்.

நகம் கெரற்றின் என்னும் புரதத்தாலானது. மருதோன்றியின் சாயம் அதனோடு பிணைந்துவிடுவதால் கழுவினாற் போகாது. நகம் வளர்ந்தே நீங்கவேண்டும். கைநகமோ மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே வளர்வது. அழுக்கின்மேல் அப்பிவிட்டால், திட்டுத் திட்டான நிறத்தை மாதக்கணக்கிற் சுமக்க நேரும்.

ஆதலால், நேயர்களே, முதலில் நகத்தை விரல் நுனியின் வளைவுக்கேற்ப வெட்டி, ஓரத்தை அராவுங்கள். இளஞ்சூட்டு நீரிற் சில நிமிடம் கையை ஊறவைத்து அழுக்கைத் தேய்த்தகற்றுங்கள். நகத்தின் அடியில் ஒட்டியுள்ள மெல்லிய தோலை மட்டும் வெட்டவே வேண்டாம். அழகுக்கு இடையூறென்று பலர் அறுத்தெறியும் அத்தோலே கிருமிகள் புகாமற் காக்கும் வேலி. அது கிழிந்தால் நகச்சுற்று வரலாம். பிறகு மண்வெட்டி பிடிப்பதெங்கே? ஊறிய தோலைத் துணியால் மெல்லப் பின்தள்ளினாற் போதும்.

தேங்காயெண்ணெய் தடவுவது நன்றே. ஆனால் எண்ணெய்ப் பசை சாயத்தைத் தடுக்குமாகையால், சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் துடைத்த பின்னரே மருதோன்றியை வையுங்கள். கடைகளிற் கிடைக்கும் ‘கறுப்பு மருதோன்றி’யை நான் விலக்கவே சொல்வேன், அதிற் பெரும்பாலும் கலக்கப்படும் தலைமயிர்ச் சாயம் சிலருக்குத் தோலைக் கொப்புளிக்கச் செய்துவிடும்.