சுவருக்கு அப்பால்

வீட்டுக் காவலுக்கென விற்கப்படும் சொட்கண் தோட்டாக்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தொழிற்சாலையில் என்னிடம் கேட்டார்கள். பத்து வீத ஜெலட்டின் கட்டியில் சுட்டு, சன்னம் இறங்கிய ஆழத்தை அளப்பார்கள். அமெரிக்க எஃப்.பி.ஐ. கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு வகுத்த 12 அங்குலமே இதற்கும் அளவுகோலாயிற்று. பறவை வேட்டைக்கான சிறு சன்னம் பெரும்பாலும் அவ்வளவு இறங்காது. மான் வேட்டைக்கான, சுமார் 8.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள சன்னம் இறங்கும். ஆனால் ஆளை நிறுத்தும் அதே வலு ஜிப்சம் பலகைத் தடுப்புகள் பலவற்றையும் துளைக்கும். நான் வசிக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸில் இரு குடும்பங்கள் மேலும் கீழுமாக வாழும் வீடுகளே அதிகம்.

இது நமக்குப் புதிய பாடமல்ல. 1980களில் இலங்கை அரசு ஊர்காவற்படையினருக்கு வழங்கியதும் சொட்கண்களே. காவலின் பெயரால் வந்த அவை அயற்கிராமங்களை நோக்கித் திரும்பின. காவல் ஆயுதம் எதையும் முதலில் அயலவர் பக்கம் நின்றே பரிசோதிக்க வேண்டும் என்பேன்.