முக்காடிட்ட கிராமத்துப் பெண்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நோர்வேயில், ஒஸ்லோ நகரிலுள்ள என் சின்னம்மாவின் வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் அயல்வீட்டு நோர்வேஜியப் பாட்டி எங்களைச் சாப்பிட அழைத்தார். சாப்பாடு முடிய, ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம் வந்தது. மேலே வெள்ளைக் கிறீம். கரண்டியை ஆழவிட்டால் பொன்னிறத் தூளும் அப்பிள் மசியலும் அடுக்கடுக்காக வந்தன.

"தில்ஸ்லோர்த்தெ புன்னெபீக்கெர்" என்றார் பாட்டி. 'முக்காடிட்ட கிராமத்துப் பெண்கள்' என்று சின்னம்மா விளக்கினார்.

செய்முறை எளிது. அப்பிளைச் சீனியுடன் அவித்து மசித்து ஆறவிட வேண்டும். காய்ந்த பாணையோ ரஸ்கையோ தூளாக்கி, பட்டர், சீனி, சிறிது கறுவாத்தூள் சேர்த்து மொறுமொறுப்பாக வறுக்க வேண்டும். அடித்த கிறீமுடன் இவற்றை மாறிமாறி அடுக்குவார்கள். பரிமாறும் நேரத்திலேயே அடுக்க வேண்டும். முந்தி அடுக்கினால் தூள் ஊறிப்போய்விடும்.

காய்ந்த பாண் என்றதும் சின்னம்மா கரண்டியைக் கீழே வைத்தார். 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது, காய்ந்த பாணைத் தேநீரில் தோய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர். "இதை ஒருத்தருக்கும் சொல்ல வெட்கப்பட்டனான்" என்றார்.

பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 1940 முதல் 1945 வரை நோர்வே ஜேர்மனியரின் பிடியில் இருந்தது. உணவு பங்கீட்டில்தான் கிடைத்தது. தன் தாயும் ஒரு துண்டுப் பாணை எறியவிடவில்லை என்றார்.

சகோதரிகளே, அதே காய்ந்த பாண் அங்கே விருந்தாளிக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் வருகிறது. அதைக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிய கதையை நாம் மட்டும் ஏன் முக்காடிட்டு மறைக்க வேண்டும்?