விதைக் கிழங்கு தந்த தாய்வீடு

கொடிகாமம் சந்தையில் இராசவள்ளிக் கிழங்கைக் கண்டதும், தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சிய அதன் சுவை எமக்கு நினைவுக்கு வரும். அந்தக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த 'யாம்' என்னும் கிழங்கே, மேற்கு ஆபிரிக்காவில் நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் இக்போ மக்களின் பிரதான உணவு. எமக்கு நெல் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. மண்ணைக் கூட்டி மேடாக்கி விதைக் கிழங்கை ஊன்றுவார்கள். கொடி படரத் தடி நடுவார்கள். அக்காலத்தில் களஞ்சியத்தில் உள்ள கிழங்கைக் கொண்டே ஊர் ஒருவனை மதித்தது.

அந்த மக்களின் வாழ்வை உலகறியச் செய்தவர் சினுவா அச்சிபே. இவர் 1930ஆம் ஆண்டு ஒகிடி என்னும் ஊரில், ஓர் உபதேசியாரின் மகனாகப் பிறந்தார். 1958இல் வெளிவந்த அவரது முதல் நாவலை, எம்மவரான என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழாக்கினார். அந்நூல் 1998இல் கனடாவில் வெளியாயிற்று. எங்கோ தூர தேசத்துக் கதை என்று நாம் அதை ஒதுக்கிவிடத் தேவையில்லை. அது காணியை விட்டு ஓடிய ஒரு கமக்காரனின் கதை.

ஏழு ஆண்டு அகதி வாழ்வு

கதாநாயகன் ஒகோன்குவோ. தகப்பன் கடனாளியாகவே இறந்தவர். அவர் மகனுக்கு விட்டுச் சென்ற முதுசம் ஒன்றுமில்லை. இளைஞனான ஒகோன்குவோ ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் 800 விதைக் கிழங்கு வாரத்துக்கு வாங்குகிறான். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் அவனுக்கு. அந்த வருடம் முதலில் வரட்சி, பிறகு ஓயாத மழை. ஊரே அழுத அந்த வருடத்தில் தாக்குப்பிடித்ததால், இனி எதையும் தாங்குவேன் என்று அவன் நம்புகிறான். உழைத்து முன்னேறி ஊரில் பெரிய மனிதனும் ஆகிறான்.

ஒருநாள் மரணச் சடங்கொன்றில் அவனது துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஓர் இளைஞன் இறந்துவிடுகிறான். ஊர் வழக்கப்படி அவன் ஏழு ஆண்டுகளுக்கு ஊரை விட்டு நீங்க வேண்டும். பொழுது விடியுமுன் மனைவியரும் பிள்ளைகளுமாகப் புறப்படுகிறார்கள். பின்னால் அவன் வீடுகள் எரிகின்றன. களஞ்சியம் இடிக்கப்படுகிறது.

அவர்கள் போய்ச் சேருவது அவன் தாயின் ஊருக்கு. அங்கே தாய்மாமன் உச்செண்டு அவர்களை ஏற்றுக்கொள்கிறார். குடியிருக்க வளவும் பயிரிட நிலமும் கிடைக்கின்றன. மாமனின் ஐந்து மகன்மாரும் ஆளுக்கு 300 விதைக் கிழங்கு கொடுக்கிறார்கள். தகப்பனிடம் அடிவாங்கிய பிள்ளை தாயின் குடிசைக்குத்தான் ஓடும். துன்பம் வந்தவனுக்குத் தாய்வழி உறவே அடைக்கலம் என்பது மாமன் சொல்லும் நியாயம். ஊரில் தங்கிவிட்ட நண்பன் ஒபியெரிக்காவோ, ஒகோன்குவோவின் கிழங்குகளை விற்றும் வாரத்துக்குக் கொடுத்தும், சேர்ந்த பணத்தை நடந்துவந்து ஒப்படைக்கிறான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாடசாலைகளும் கோவில்களும் தேவாலயங்களும் நிரம்பி வழிந்தபோது, யாரோ ஒருவர் தமது வளவில் ஒரு கொட்டில் போட இடம் கொடுத்தார். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே இடம்பெயர்ந்தார்கள். அன்று அடைக்கலம் கொடுத்தவர்கள் அடைக்கலம் தேடினார்கள். சமைத்த உணவு அன்றைய பசியைத் தீர்க்கும். விதையும் நிலமும் ஒருவனை மீண்டும் கமக்காரன் ஆக்கும்.

உள்ளே இருந்த வெடிப்பு

ஒகோன்குவோ நன்றி மறந்தவன் அல்லன். புறப்படும்போது தாய்வழி உறவினருக்குப் பெரிய விருந்து வைக்கிறான். ஆனால் அவன் திரும்பிய ஊர் அவன் விட்டுப்போன ஊராக இல்லை. வெள்ளைக்காரரின் ஆட்சியும் நீதிமன்றமும் வந்துவிட்டன. தனியே எதிர்த்து நின்று, இறுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான்.

இந்த அழிவுக்கு அச்சிபே வெள்ளையரை மட்டும் குறை சொல்லவில்லை. இக்போ மக்களிடையே 'ஓசு' என்று ஒதுக்கப்பட்ட ஒரு பிரிவினர் இருந்தார்கள். அவர்களோடு மற்றவர்கள் கலப்பதில்லை, மணம் செய்வதில்லை. புதிய தேவாலயம் வந்தபோது அவர்கள் அங்கே வந்தார்கள். முன்பே சேர்ந்திருந்த கிறிஸ்தவர்கள் முறுமுறுத்தபோதும், சபைக்குப் பொறுப்பானவர் அவர்களை ஏற்றுக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. 1960இல் வெளிவந்த 'நோ லோங்கர் அட் ஈஸ்' நாவலில், ஒகோன்குவோவின் பேரன் ஓபி இங்கிலாந்தில் படித்துத் திரும்புகிறான். ஓசு வகுப்புப் பெண்ணான கிளாராவை மணக்க விரும்புகிறான். உபதேசியாராகவே வாழ்ந்து ஓய்வுபெற்ற அவனது கிறிஸ்தவத் தந்தை மறுத்துவிடுகிறார். வேதம் மாறியது, பேதம் மாறவில்லை.

இது எமக்கும் பொருந்தும். கிணற்றில் தண்ணீர் அள்ளவும் தேநீர்க் கடைக்குள் இருக்கவும் ஒரு பகுதி மக்கள் தடுக்கப்பட்ட மண் இது. 1957இல் சட்டம் வந்த பின்னரும் அவர்கள் போராடியே உரிமை பெற வேண்டியிருந்தது. பலர் ஒரே கிணற்றை நம்பியிருக்கும் இடங்களில் அந்தப் பழைய கேள்வி இன்னும் எழக்கூடும்.

தோட்டத்தில் அழுகிய கிழங்கு

1964இல் வெளிவந்த 'அரோ ஒஃப் கோட்' நாவல் கமக்காரருக்கு இன்னும் நெருக்கமானது. பூசகர் எசெயுலு நாள் குறித்தால்தான் ஊரார் கிழங்கு கிண்டலாம். ஆங்கில அதிகாரி அவரை மறித்து வைத்திருந்ததால் மாதக் கணக்குத் தவறிவிடுகிறது. திரும்பி வந்தவர், தம்மைக் கைவிட்ட ஊர்மேல் கோபம் கொண்டு, நாள் குறிக்க மறுக்கிறார். கிழங்கு மண்ணுக்குள் பழுதாகிறது. பசித்த மக்கள் தேவாலயத்தின் அறுவடைத் திருநாளுக்குக் காணிக்கை கொடுத்துத் தங்கள் பயிரைக் கிண்டுகிறார்கள். தலைவரின் வைராக்கியத்துக்கும் மக்களின் வயிற்றுக்கும் இடையில் எது பெரிது என்பதே இங்கு கேள்வி.

பின்னர் அச்சிபேயின் சொந்த மக்களே அகதிகளானார்கள். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் பட்டினியால் எண்ணற்ற குழந்தைகள் இறந்தார்கள். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து அமைப்புகள் ஒன்றுசேர்ந்து இரவு விமானங்களில் உணவு கொண்டுசென்றன. அச்சிபேயின் குடும்பமும் இடம்விட்டு இடம் அலைந்தது. அந்த நினைவுகளை 2012இலேயே அவர் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார்.

வலிகாமம் வடக்கில் சில குடும்பங்கள் 1990இல் விட்டுவந்த காணியை இன்னும் காணவில்லை. திரும்பியவர்களோ வரம்பு அழிந்து, கிணறு தூர்ந்து, பற்றை மண்டிய நிலத்தைக் கண்டார்கள். இந்த நாவல்களை வாசிக்கும் வாய்ப்புள்ளவர்கள் வாசியுங்கள். பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் மூன்று கேள்விகளைப் பேசிப்பாருங்கள். எமக்கு விதை தந்த தாய்வீடு எது? எம்மிடம் வருபவருக்கு நாம் கொடுக்கும் விதை எது? எமது கிணற்றடியில் இன்னும் ஒதுங்கி நிற்பவர் யார்?